ஓட்டை வைத்த பெட்டி

“காது கேக்காதவருக்கு எதுக்கும்மா இம்மாம் பெரிய பொட்டி?”

மலாக்கா டவுனில் ஒலிச் சாமான்கள் விற்கும் நானா போன மாதம் என்னிடம் இப்படிக் கேட்டார். நானா என்பது அவர் பெயரில்லை. கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் பெரியவர். கடைக்குள் காலெடுத்து வைக்கும் எல்லாருக்கும் அவர் நானாதான். கேலியாகக் கேட்கவில்லை. கையில் வந்த வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொள்கிறவர் போல, தயங்கித்தான் கேட்டார். நான் அப்போது கைப்பேசியில் குறித்து வைத்திருந்ததை அவருக்கு வாசித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் பாட்டுக் கேட்பதற்கு ஒரு சப்வூஃபர், அடிச்சத்தத்துக்கென்றே உள்ள ஒலிபெருக்கிப் பெட்டி. பத்து அங்குலத்துக்குக் குறையக்கூடாது. சுற்றிலும் மூடிய பெட்டியாக இருக்க வேண்டும். இத்தனை ஹெர்ட்ஸ் வரை இறங்க வேண்டும். இரண்டு வாரம் உட்கார்ந்து படித்துத் திரட்டிய விவரம். எதையும் படித்துவிட்டுச் செய்தால்தான் எனக்குச் செய்த மாதிரி இருக்கும். எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்து எஸ்.பி.எம். பரீட்சை எழுதிய முதல் ஆள் நான். பல்கலைக்கழக வாசலை மிதித்ததும் நான்தான். அந்தப் பெருமை எனக்கு உண்டு. யாராவது குறை சொன்னால் சண்டைக்கு வருவேன் என்று எழுத வந்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமாக எழுத முடியவில்லை.

 அப்பா என் பக்கத்தில்தான் நின்றார். கேட்காது என்பதால் அவர் முன்னாலேயே அவரைப் பற்றிப் பேசுவது எல்லாருக்கும் பழகிவிட்டது. எனக்கும்தான்.

எதற்குப் பெட்டி என்று உங்களுக்கும் தோன்றும். எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு கார்.

புக்கிட் பெருவாங்கில் நாங்கள் இருக்கும் வரிசை வீட்டுத் தெருவில் ஒரு சாயங்காலம் அந்தக் கார் வந்து நின்றது. பின்பக்கம் முழுக்க ஒலிபெருக்கி அடைத்து, போகிற இடமெல்லாம் தெருவையே உலுக்கிக்கொண்டு போகும் கார்கள் இருக்கின்றனவே, அந்த வகை. உறுமி மேளம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடியது. அம்மா அடுப்படியிலிருந்து கத்தினார்.

“வீட்ட இடிச்சித் தள்ளிட்டுப் போவானுங்க லா இவனுங்க!”

அப்பா கூடத்தில் தன் பிரம்பு நாற்காலியில் இருந்தார். அழைப்பு மணி அடித்தால் அவருக்குத் தெரியாது. குக்கர் விசில் தெரியாது. “நான் கூப்பிட்டா மட்டும் இருவது வருசத்துக்கு முன்னாடியே கேக்காமப் போச்சு” என்று அம்மா சொல்லும் பழைய கேலிகூட இப்போது அவருக்குக் கேட்பதில்லை. அந்த அப்பா தலையைத் தூக்கினார். வாசல் பக்கம் திரும்பினார்.

“உறுமி! எந்தக் கோயிலு பாப்பா?”

கேட்டுவிட்டு நாற்காலிக் கையில் விரலால் தட்ட ஆரம்பித்தார். தாளம் தப்பவில்லை. கார் திரும்பிப் போன பிறகும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு நிறுத்திவிட்டார்.

அவர் பேசி மூன்று நாளாகியிருந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கேட்காமல் போனவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சையும் விட்டுவிடுகிறார்கள். வேறு வீடுகளில் ஒரு தாளில் எழுதிக் காட்டுவார்கள். எங்களுக்கு அந்த வழியும் இல்லை. அப்பா தோட்டப் பள்ளியில் இரண்டாம் வகுப்போடு நின்றவர். எழுத்தில் அவருக்குத் தெரிந்தது அவருடைய பெயர் மட்டும். கையெழுத்து என்றால் அதைத்தான் ஒவ்வொரு எழுத்தாக வரைவார். தொலைக்காட்சியில் தமிழ்ப் படம் ஓடும்போது கீழே மலாயில் வரி ஓடும். அப்பா அதையும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார், ரயில் போவதைப் பார்ப்பதுபோல.

அடுத்த வாரமே காது சோதனைக்கு அழைத்துப் போனேன். அங்கே நிரப்பச் சொல்லி ஒரு பாரம் கொடுத்தார்கள். வேலை செய்த இடத்தில் இரைச்சல் உண்டா? உண்டு. செம்பனை எண்ணெய் ஆலை, கொட்டை உடைக்கும் எந்திரத்துப் பக்கத்தில் இருபத்து மூன்று வருடம். காதுக்குக் காப்பு கொடுத்தார்களா? கொடுத்தார்கள், எனக்கே தெரியும். அணிந்தாரா? அப்பாவிடம் காதைத் தொட்டுச் சைகையில் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு தலையாட்டினார், இல்லையென்று. ஏன் என்று எழுத ஒரு கோடு விட்டிருந்தார்கள். நான் ‘cuai’ என்று எழுதினேன். மலாயில் அலட்சியம் என்று பொருள். அழகான கையெழுத்து எனக்கு. ஒரே சொல்லில் பொருத்தமாகச் சொல்லிவிட்டதில் கொஞ்சம் திருப்திகூட இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சோதித்தவர் சொன்னதன் சுருக்கம் இது: மேல் சத்தங்கள் முதலில் போய்விட்டன, பேச்சு அதோடு போயிற்று, அடிச்சத்தம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. காதுக் கருவிக்கு மூன்று மாதம் கழித்துத் தேதி கொடுத்தார்கள். போட்டாலும் பழைய மாதிரி கேட்கும் என்று நினைக்க வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் காரைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அந்த மிச்சமும் போவதற்குள் ஒரு பாட்டாவது அவருக்குள் போய்ச் சேர வேண்டும். இதுதான் விஷயம். இதை நானாவிடம் விளக்கிச் சொன்னேனா என்றால், இல்லை. “வேணும் நானா” என்று மட்டும் சொன்னேன்.

அவர் ஒரு புதுப் பெட்டியின் அட்டையைப் பிரித்தார். அழுத்திய மரத்தூள் பலகை, பசை, கறுப்புச் சாயம் எல்லாம் கலந்து ஒரு வாசம் எழுந்தது. எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் இருந்த பெட்டிக்கு இந்த வாசம் கிடையாது. அது செம்பனை எண்ணெய் வாசம் அடிக்கும். அப்பா வேலை முடிந்து வந்து குளிப்பதற்கு முன்பே அதைத் தொட்டுவிடுவார் என்பதால்.

எங்கள் தோட்டம் சுங்கை ரம்பாய்க்குப் போகும் வழியில் இருந்தது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எங்களுடையது கடைசி வீடு, ஆலைக்குப் பக்கம். ஆலையில் வேலை செய்த ஆண்கள் யாருக்கும் மெதுவாகப் பேச வராது. வீட்டில் உப்புக் கேட்டாலும் ஆலைக்குள் நின்று கேட்கிற மாதிரிதான் கேட்பார்கள். அதனால் ஆலைக்காரர்கள் வீட்டில் ரகசியம் கிடையாது. எங்கள் வீட்டில் என்ன குழம்பு, யாருக்கும் யாருக்கும் சண்டை என்று லயமே தெரிந்து வைத்திருக்கும். எனக்கு அது பெரிய வெட்கம். பள்ளித் தோழிகள் யாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை.

சிங்கப்பூருக்கு வேலை மாறிப் போன ஒருவரிடமிருந்து அப்பா அந்தப் பாட்டு செட்டை வாங்கினார். இரண்டு சின்ன ஒலிபெருக்கி, கூடவே முன்பக்கம் துணி போட்ட ஒரு கறுப்புப் பெட்டி. அப்பா அதற்கு வைத்த பெயர் இடிப்பொட்டி. அதன் பின்னால் என் முழங்கை போகும் அளவுக்கு வட்டமாக ஓர் ஓட்டை. அடி விழும்போதெல்லாம் அதிலிருந்து காற்று வரும். அப்பா என் கையைப் பிடித்து அதன் எதிரே காட்டுவார்.

“பாத்தியா, பாட்டு மூச்சு விடுது!”

நான் பழைய பயிற்சிப் புத்தகத் தாளை நீளநீளமாகக் கிழித்து அந்த ஓட்டைக்கு மேல் ஒட்டி வைப்பேன். பாட்டுக்குத் தகுந்த மாதிரி தாள் ஆடும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளெல்லாம் வந்து பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அப்பா பெட்டியில் முதுகைச் சாய்த்துத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்துவிடுவார். நாற்காலி இருக்க எதற்கு இப்படி என்று அம்மா கேட்பார். அப்பா கண்ணைத் திறக்கமாட்டார். வருடம் போகப் போகக் குமிழை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று திருகிக்கொண்டே போனார். இடிச்சத்தத்தில் அவருக்கு ஆசை அதிகமாகிறது என்று நான் நினைத்தேன். முதுகால் கேட்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டார் என்று நினைக்க எனக்குத் தோன்றவில்லை. எனக்கு மட்டும் இல்லை, யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் படித்துக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான்.

எஸ்.பி.எம்.முக்கு முந்திய வருடம், நான்காம் படிவத்தில், எனக்குப் பரீட்சைப் பித்து பிடித்தது. “சத்தம்பா!” என்று ஒருநாள் கத்தினேன். அடுத்த நாள் அப்பா சட்டைப் பையிலிருந்து மஞ்சளாக இரண்டு சின்னப் பஞ்சுக் குச்சிகளை எடுத்து நீட்டினார். சுருட்டிக் காதில் வைத்தால் உள்ளே விரிந்து அடைத்துக்கொள்ளும்.

“ஆலையில கொட்டிக் கெடக்குது. நீ இத வச்சிக்கிட்டுப் படி பாப்பா, நான் ஒரு ஓரமா கேட்டுக்கறேன்.”

அற்புதமான பொருள் அது. அம்மாவின் திட்டு, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி, சேவல், ஆலை எல்லாம் எங்கேயோ தூரத்துக்குப் போய்விடும். மாதம் பிறந்தால் புதுசு வரும். பழசு அழுக்கானால் தூக்கிப் போட்டுவிடுவேன். ஆனால் இடிப்பெட்டியை மட்டும் பஞ்சால் தடுக்க முடியவில்லை. அடிச்சத்தம் தரை வழியாக வந்து மேசைக்கால் ஏறி எலும்புக்குள் போய்விடுகிறது. ஒருநாள் நான் எழுந்து போய் பெட்டியின் வயரைப் பிடுங்கினேன். பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, “நானும் உங்கள மாதிரி ஆலையிலயே கெடந்து சாவணுமா?” என்று கேட்டேன்.

அந்த வாக்கியம் அவருக்குக் கேட்டது. அன்றைக்கு நான் ஆலைக்காரர்களைவிட உரக்கக் கத்தினேன்.

அப்பா என் கையிலிருந்து வயரை வாங்கி, வளையமாகச் சுருட்டி, ஆணியில் மாட்டினார். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியில் சத்தம் வந்ததே இல்லை. என் மேசை சிறியதாக இருந்ததால் பெட்டியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு அதன் மேல் புத்தகங்களை அடுக்கிக்கொண்டேன். நல்ல உயரம். என் எஸ்.பி.எம். முடிவை எடுத்துக்கொண்டு அப்பா லயம் முழுக்கப் போய் உரத்த குரலில் சொல்லிவிட்டு வந்தார். எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாமல், தாளைத் தலைகீழாகக்கூடக் காட்டியிருப்பார். நான் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டேன்.

நான் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது தோட்டம் கைமாறியது. லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். அப்பாவும் அம்மாவும் முதலில் செங் என்ற இடத்தில் மலிவு விலை அடுக்குமாடிக்குப் போனார்கள். எனக்கு வேலை கிடைத்த பிறகுதான் இப்போதைய வீடு. லயத்தைவிட்டுக் கிளம்பிய அன்று, லோரியில் இடம் போதவில்லை, இடிப்பெட்டியை என்ன செய்ய என்று அம்மா தொலைபேசியில் கேட்டார். “அத எதுக்கும்மா, விட்டுட்டு வாங்க” என்று நான்தான் சொன்னேன்.

இப்போது நானாவின் கடையில் அதே போன்ற ஒன்றுக்கு இரண்டு வாரம் படித்துவிட்டு வந்து நிற்கிறேன்.

“பாட்டுக்கு மூடுன பொட்டிதான் சுத்தம். ஓட்டை வச்சது படம் பாக்குறவங்களுக்கு. சரியாத்தான் படிச்சிருக்கீங்க தங்கச்சி” என்றார் நானா. எனக்கு உச்சி குளிர்ந்தது. மூடிய பெட்டியை இணைத்து ஒரு பாட்டைப் போட்டார். அளவான, இறுக்கமான அடி. நான் படித்தது படித்தபடியே இருந்தது.

அப்பா பெட்டியிடம் போனார். மேலே கை வைத்தார். பக்கவாட்டில் தடவினார். பிறகு குனிந்து, பின்பக்கம் கையை விட்டு எதையோ தேடினார். கீழேயும் தேடினார். நானாவையும் என்னையும் திரும்பிப் பார்த்தார்.

“ஓட்டை எங்க பாப்பா?”

கடை முழுக்கக் கேட்கும்படி. ஒயர் வாங்க வந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நானா சிரிக்கவில்லை. மூடிய பெட்டியை அணைத்துவிட்டு, மூலையிலிருந்து வேறொன்றை இழுத்து வந்தார். முன்பக்கமே ஓட்டை வைத்தது. பாட்டைப் போட்டார். அப்பா உள்ளங்கையை அதன் எதிரே வைத்தார். பிறகு, நான் கை நீட்டித் தடுப்பதற்குள், கடைத் தரையிலேயே உட்கார்ந்து அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். “எழுந்திரிங்கப்பா” என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

“இதையே எடுத்துக்கம்மா. படிச்சதெல்லாம் நல்லாக் கேக்குற காதுக்கு” என்றார் நானா.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் என் படிப்பு சும்மா இருக்கவில்லை. பெட்டியை எங்கே வைப்பது என்பதற்கு ஒரு முறை உண்டு. கேட்பவர் உட்காரும் இடத்தில் பெட்டியை வைத்துப் பாட்டைப் போட வேண்டும். நாம் சுவரோரமாகத் தவழ்ந்து போக வேண்டும். எந்த இடத்தில் அடி நிறைந்து கேட்கிறதோ, அங்கே பெட்டியை வைத்துவிட்டால் நாற்காலியில் அப்படியே கேட்கும். ஆகவே அப்பாவின் பிரம்பு நாற்காலியில் பெட்டி உட்கார்ந்தது. நான் கைலியை முடிந்துகொண்டு கூடத்தைச் சுற்றித் தவழ்ந்தேன்.

“அடிப்பாவி, அத்தன வருசம் படிச்சதும் தரையில தவழ்றதுக்குத்தானா?” என்றார் அம்மா. அப்பாவும் சிரித்தார். வெகுநாளைக்குப் பிறகு.

நான் கண்டுபிடித்த இடம் புத்தக அலமாரிக்குப் பக்கத்து மூலை. அதனால் ஒரு பயனும் இல்லை. அப்பா நாற்காலிக்குப் போகவே இல்லை. பெட்டியில் சாய்ந்து தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, கையைப் பின்னுக்கு வளைத்து ஓட்டைக்கு நேரே வைத்துக்கொண்டார். நான் ஒரு பழைய பாட்டைப் போட்டேன். அவர் கண்ணை மூடினார். தலை மெல்ல ஆடியது.

“இது எங்க கல்யாணத்துல போட்ட பாட்டு!” என்று கத்தினார்.

அது இல்லை. அந்தப் பாட்டுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இது ஒரு பெண் தனியாகப் பாடும் சோகப் பாட்டு. பாடுகிறவளின் குரலில் ஒரு துளிகூட அவரை எட்டவில்லை. அவருக்குக் கிடைத்தது தாளம் மட்டும். அதற்கு மேல் அவராகவே ஒரு பாட்டைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா திருத்துவதற்கு வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவுக்குத் தெரிகிற மாதிரி பெரிதாகத் தலையாட்டினார்.

“ஆமா, அதேதான்” என்றார். அப்பா முகத்தில் அவ்வளவு வெளிச்சம். நான் மடிக்கணினியைத் திறந்து அலுவலக வேலை பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அறை அமைதியானது. நிமிர்ந்தேன். அப்பா திரும்பி, பெட்டியின் குமிழைத் தானே குறைத்திருந்தார்.

“படிக்கிறியா பாப்பா? சத்தமா இருக்கா?”

இல்லையென்று தலையாட்டினேன்.

“பஞ்சு இருந்தா வச்சிக்க. இப்ப எங்க கெடைக்கும்... அப்ப மாசத்துக்கு ஒரு சோடி குடுப்பானுங்க. அப்படியே பையில போட்டு ஒனக்குக் கொண்டாந்துருவேன்.”

நான் எழுந்து போய் அவர் காதருகே குனிந்தேன். “கொட்டிக் கெடக்குதுன்னு சொன்னீங்களேப்பா!” என்று கத்தினேன். அவருக்குக் கேட்கவில்லை. எதற்கும் ஆட்டுவது போலத் தலையை ஆட்டிவிட்டுப் புன்னகைத்தார்.

பதில் சொன்னது அம்மாதான். “கொட்டியா கெடந்துச்சு? கையெழுத்துப் போட்டு வாங்கணும்டி. ஒரு ஆளுக்கு ஒரு சோடி. ஒங்களுக்கு வேணாமான்னு நானும் கேட்டேன். அவ பரிச்ச முடியட்டும்னாரு. அப்புறம் பழக்கம் விட்டுப் போச்சு, காதுல வச்சா எரியுதுன்னுட்டாரு.”

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“நீ கேட்டியா?”

மாதா மாதம் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக வரைந்து அவர் வாங்கிய பஞ்சு. அழுக்கானது என்று நான் தூக்கி எறிந்த பஞ்சு. பெட்டியின் வயரைப் பிடுங்கிய பிறகும் அது மாதம் தவறாமல் வந்துகொண்டுதான் இருந்தது. யார் தயவும் இல்லாமல் படித்து மேலே வந்தேன் என்று எத்தனை இடத்தில் சொல்லியிருக்கிறேன். பள்ளி விழா ஒன்றில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டுகூடச் சொன்னேன். அப்பா அன்று முன் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினார். அவருக்குக் கேட்டிருக்காது என்று நினைத்துக்கொள்கிறேன்.

போன வாரம் வேலையாக ஜாசின் பக்கம் போனபோது காரைச் சுங்கை ரம்பாய் சாலைக்குத் திருப்பினேன். லயம் இருந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆலை இருந்த மேட்டில் வேலி போட்டு, கொள்கலன்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். காரை விட்டு இறங்கி நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. அந்த வயதில் நான் வேண்டுமென்று கேட்ட அமைதி இப்போது அங்கே முழுசாக இருக்கிறது. உப்புக்கும் ஊர்க்கதைக்கும் ஒரே குரலில் கத்திய அந்த ஆண்கள் எந்தெந்த அடுக்குமாடியில், எந்தெந்த நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்களோ. இடிப்பெட்டியை எங்கே விட்டுவிட்டு வந்தார்கள் என்று அம்மாவுக்கும் நினைவில்லை. வாசலிலேயே விட்டிருப்போம் என்கிறார்.

வீட்டில் பாட்டு தினமும் ஓடுகிறது. போன புதன்கிழமை உறுமியைப் போட்டுப் பார்த்தேன். அப்பா உடனே சொல்லவில்லை. கொஞ்சம் யோசித்த பிறகுதான் உறுமி என்றார். அந்தக் கார் வந்த அன்றைக்கு யோசிக்கவே இல்லை.

வியாழக்கிழமை காலை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு காது சோதனை செய்த இடத்துக்குப் போனேன். அப்பாவின் பாரத்தைக் கேட்டேன். தமிழ்த் தாதி ஒருத்தி, என்னைவிடச் சின்னவள், கோப்பை எடுத்து வந்தாள்.

“என்னாக்கா, தப்பா எழுதிட்டீங்களா?”

“ஆமா.”

“ஒரு கோடு போட்டு அடிச்சிட்டு மேல எழுதுங்க. பக்கத்துலயே ஒரு கையெழுத்து போட்டுருங்க, போதும்.”

‘cuai’ என்ற சொல்லைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தேன். அழகான கையெழுத்து வரவில்லை. மேலே இருந்த சின்ன இடத்தில், மகள் படிப்பதற்காக மகளிடம் கொடுத்துவிட்டார் என்று மலாயில் எழுதி, பக்கத்தில் என் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் போட்டேன்.